யாழ்–கொழும்பு இரவு பஸ்: சாப்பாடு, மாஸ்க், யாரிட்ட எதைக் கேக்கலாம்?

#1 அரியாலைச் சந்தி

திருவிழாக் காலம், லீவுக் காலம் வந்தால் இந்தச் சண்டை திரும்பத் திரும்ப வருது. ஏசி பஸ், யன்னல் திறக்க ஏலாது. ஒருத்தர் இருமிக்கொண்டு வாறார். பின்சீற்றில இருக்கிறவர் "மாஸ்க்கைப் போடுங்கோ அண்ணை" எண்டுறார். "அந்தச் சட்டமெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு" எண்டு பதில் வருது. பளை தாண்ட முதல், மாஸ்க் கேட்டவரே மடியில கொத்துரொட்டிப் பார்சலை அவிழ்க்கிறார். இப்ப இருமினவர் கேக்கிறார்: "மூடின பஸ்ஸுக்குள்ள இது மட்டும் சரியோ?" கொண்டக்டர் நடுவில நிண்டு ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு வாங்குறார்.

எது சட்டம், எது பஸ்காரர் வைக்கிற ஒழுங்கு, எது ஆளுக்காள் கேட்டுப் பெறவேண்டியது எண்டு பிரிச்சுத் தெரிஞ்சால் பாதிச் சண்டை வராது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. "எனக்கு ஒருக்கா நடந்தது" எண்ட கதையள் வேண்டாம். என்ன செய்யலாம், ஏன் எண்டு எழுதினால் போதும்.

#2 கச்சேரியடி

சட்டப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம்.

முகக்கவசம் கட்டாயமானது 2020 ஒக்ரோபர் 15 வர்த்தமானி மூலம். அடிப்படைச் சட்டம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை. பொதுப் போக்குவரத்தில் அது கட்டாயம் என்ற நிலை 2022 யூனில் நீங்கியது. ஆகவே இன்றைக்கு இருமுகிற ஒருவரிடம் "சட்டப்படி போடுங்கோ" என்று சொன்னால் அந்த வசனத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

சிகரெட் வேறு கதை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுப் போக்குவரத்து வாகனத்துக்குள் புகைப்பது குற்றம். அதில் "தயவுசெய்து" தேவையில்லை.

சாப்பாடு பஸ் நடத்துபவர் வைக்கிற ஒழுங்கு. ஒழுங்கு வைப்பதென்றால் ரிக்கெற் விற்கும்போதே சொல்லவேண்டும். ஓமந்தை தாண்டிய பிறகு, பார்சலை அவிழ்த்த ஆளைப் பார்த்து முதன்முறையாகச் சொன்னால் அது அவருக்கு மட்டும் வைத்த சட்டம்போலத் தெரியும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

முறைப்பாடு செய்வதென்றால், மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்ஸுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற தொலைபேசி இலக்கம். பஸ் இலக்கம், திகதி, நேரம், எந்த இடம் என்ற நான்கும் இல்லாமல் எடுக்க வேண்டாம். வடக்குக்குள் மட்டும் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை.

#3 ஸ்பானர்

ஏசியைப் பற்றிச் சொல்லவேணும். கன பேர் நினைக்கினம், ஏசி வெளிக்காற்றைக் குளிராக்கி உள்ள விடுதெண்டு. இல்லை. பஸ்ஸுக்குள்ள இருக்கிற காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுது. காற்று இழுக்கிற இடத்தில ஒரு வலை இருக்கு. அது தூசியையும் மயிரையும் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது.

வெளிக்காற்றில காபனீரொட்சைட்டு 420 பிபிஎம் அளவு, அதாவது பத்து லட்சத்தில 420 பங்கு. நாற்பது பேர் நித்திரை கொள்ளுற மூடின பஸ்ஸுக்குள்ள அளந்தால் 2,000 தாண்டலாம். அதால ஆள் சாகாது. ஆனா மற்றவன் விட்ட மூச்சில எவ்வளவைத் திரும்ப இழுக்கிறம் எண்டதுக்கு அதுதான் அளவு. ஒரு ஆள் இருமினால் ஏன் கடைசிச் சீற்று வரைக்கும் பயப்பிடினம் எண்டதுக்கும் அதுதான் காரணம்.

வெளிக்காற்று எடுக்கிற மூடி கன பஸ்ஸில இருக்கு. ஆனா அதை மூடிப்போட்டுத்தான் ஓடினம். ஏன்? திறந்தால் குளிர் காணாது. குளிர் ஏன் காணாது? சூட்டை வெளியால விடுற கொண்டென்சரின்ர செதிலுக்குள்ள ஏ9 றோட்டுப் புழுதி அடைச்சுக் கிடக்கும், இல்லாட்டி காஸ் குறைஞ்சிருக்கும். அதைக் கழுவித் திருத்தாமல் மூடியை அடைக்கிறது லேசான வழி. திருத்தினால் மூடியையும் திறந்து வைக்கலாம், குளிரும் வரும்.

இதெல்லாம் ஏலாட்டியும் ஒண்டு செய்யலாம். சாப்பாட்டுக்கு நிப்பாட்டேக்க முன்கதவு, பின்கதவு, கூரை மூடி மூண்டையும் பத்து நிமிசம் திறந்து விடுங்கோ. ஒரு கதவு மட்டும் திறந்தால் காற்று உள்ள வரும், குறுக்க ஓடாது. முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு வேணும்.

#4 மானிப்பாய் றோட்

இவ்வளவு ஏன்? சிங்கப்பூர் மாதிரி முழுக்கத் தடை. அங்க எம்ஆர்ரி ரெயிலில சாப்பிட்டால், குடிச்சால் 500 வெள்ளி வரைக்கும் தண்டம். தண்ணி குடிக்கவும் ஏலாது. பளிங்கு மாதிரிக் கிடக்கு. எங்கட சனத்துக்கு விதிவிலக்கு வைச்சால் ஆயிரம் விதிவிலக்கு வரும்.

#5 தாதியின் மேசை

மானிப்பாய் றோட் அண்ணை, எம்ஆர்ரியில் ஒரு பயணம் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். இங்கு 400 கிலோமீற்றர் அளவு, ஒரு முழு இரவு. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது.

நீரிழிவு உள்ள ஒருவர் இன்சுலின் போட்டுவிட்டு ஏழரைக்குப் பஸ் ஏறுகிறார் என்று வையுங்கள். கலவை இன்சுலின் போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். பஸ் சாப்பாட்டுக்கு நிற்பது பத்து, பத்தரைக்கு. "நிற்கும்வரை பொறுங்கோ" என்று சொன்னால் கிளிநொச்சிக்கு முன்னமே வியர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறும். பக்கத்தில் இருப்பவர் குடிவெறி என்று நினைப்பார். இது உயிராபத்து.

அப்படி நடந்தால்: ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் சீனி. அதாவது தேக்கரண்டியால் மூன்று, நான்கு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து, அல்லது 150 மில்லிலீற்றர் அளவு சீனி உள்ள இனிப்புச் சோடா. டயற் சோடாவில் சீனி இல்லை, பயன்படாது. 15 நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் திரும்ப அதே அளவு. தெளிந்ததும் பிஸ்கற் அல்லது பாண். மயங்கின ஆளின் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. சரித்துப் படுக்கவைத்து, 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து, பஸ்ஸை அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு விட வேண்டும்.

ஆகவே எந்த ஒழுங்கு எழுதினாலும் தண்ணீர், மருந்து, குழந்தைச் சாப்பாடு, உடல்நிலைக்காகச் சாப்பிட வேண்டியவர் என்ற நான்கும் அதற்கு வெளியே நிற்க வேண்டும்.

#6 பரிஸ்_லாச்சப்பல்

முழுத்தடை எங்க கொண்டு போய் விடும் எண்டதுக்கு வோஷிங்ரன் கதை இருக்கு. 2000 ஒக்ரோபரில சுரங்க ரெயில் நிலையத்துக்குள்ள ஒரேயொரு உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்ட 12 வயதுப் பிள்ளையைக் கைவிலங்கு போட்டுக் கொண்டு போச்சினம். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய், 2004இல கைது சட்டப்படி சரிதான் எண்டு தீர்ப்பு வந்தது. சட்டம் சரி, செய்தது பிள்ளைக்குக் கொடுமை. தடையை மட்டும் எழுதி, அதை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு எழுதாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

மாஸ்க் விதி இருந்த காலத்திலயும் சண்டை வந்தது சாப்பாட்டு ஓட்டையாலதான். அமெரிக்காவில 2021இல விமானம், பஸ், ரெயில் எல்லாத்துக்கும் மாஸ்க் கட்டாயம். சாப்பிடேக்க, குடிக்கேக்க "கொஞ்ச நேரம்" கழற்றலாம் எண்டு எழுதினவை. கொஞ்ச நேரம் எவ்வளவு? சிலர் ஒரு போத்தலைக் கையில வைச்சுக்கொண்டு முழுப் பயணமும் குடிச்சுக்கொண்டே வந்தினம். நிமிசக் கணக்கு இல்லாத விதிவிலக்கை நடைமுறைப்படுத்துற ஆளுக்குத்தான் அடி விழும்.

#7 கொடிகாமம் சந்தை

அடி எண்டு சும்மா சொல்லேல்லை. பிரான்ஸில பயோன் நகரத்தில 2020 யூலையில மாஸ்க், ரிக்கெற் கேட்ட பஸ் சாரதியை அடிச்சே சாகடிச்சுப் போட்டினம். ஆனபடியால் இஞ்ச ஒரு கொண்டக்டரும் தனிய நிண்டு ஆளோட இழுபடக்கூடாது. ஒருக்காச் சொல்லு. கேக்காட்டி, கேட்டவருக்கு வேற சீற்று மாத்திக் குடு. மாத்த இடமில்லை எண்டால் கேட்டவருக்கே நல்ல மாஸ்க் ஒண்டு குடு. அதோட விடு.

#8 சீற்று நம்பர் 3

வேலை செய்யிற ஆக்கள் ஏன் சாப்பாட்டைப் பற்றிக் கத்தினம் எண்டு பயணிகளுக்கு விளங்கிறதில்லை. மணம்தான் காரணம் எண்டு நினைக்கினம். மணம் கடைசிக் காரணம்.

முதலாவது, போத்தல். முன்சீற்றில இருந்து குடிச்ச யோகட் போத்தல், தண்ணிப் போத்தல் கீழ விழுந்தால் பிறேக் பிடிக்கேக்க முன்னுக்கு உருண்டு வரும். பிறேக் பெடலுக்கு அடியில போய் மாட்டினால் பெடல் முழுக்கக் கீழ போகாது. ஆனையிறவு நேர் றோட்டில வேகமாப் போகேக்க நடந்தால் யோசிச்சுப் பாருங்கோ. முதல் ரெண்டு வரிசையிலயும் போத்தலைச் சீற்று வலைக்குள்ள வையுங்கோ, இல்லாட்டிப் பைக்குள்ள. மடியிலயோ காலடியிலயோ வேண்டாம்.

ரெண்டாவது, முறிகண்டி. பஸ் நிக்கும், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பினம், திரும்பி ஏறேக்க ஆளாளுக்குக் கையில கச்சான் சுருள். வவுனியா போக முதல் நிலம் முழுக்கக் கோது. சீற்று நகர்த்துற தண்டவாளத்துக்குள்ள கோது இறுகினால் சீற்று சாயாது, பூட்டும் பிடிக்காது. தும்புத்தடியால கூட்ட வராது, கம்பியால கிண்டி எடுக்கவேணும். கச்சானைத் தடுக்கத் தேவையில்லை. முறிகண்டியில ஏறேக்க ஆளுக்கு ஒரு கடதாசிப் பை குடுங்கோ, கோது அதுக்குள்ள போகும்.

மூண்டாவது, சொதி. துணிச் சீற்றில தேங்காய்ப்பால் ஊத்துப்பட்டால் மேலால துடைச்சால் போகாது, உள்ளுக்குப் பஞ்சுக்கு இறங்கிடும். அடுத்த நாள் வெயிலில புளிச்ச மணம், அதுக்குப் பிறகு கரப்பான், அதுக்குப் பிறகு எலி. எலி வந்தால் வயர் கடிக்கும். ரெக்சீன் சீற்று எண்டால் சவர்க்காரத் தண்ணியும் துணியும் போதும்.

நாலாவது, சத்தி. அதைத் தனியா எழுதுறன்.

#9 அரியாலைச் சந்தி

@சீற்று நம்பர் 3, பெடல் விசயத்தை ஒருத்தரும் யோசிச்சிருக்க மாட்டினம். அது ஒண்டுக்காகவே முதல் ரெண்டு வரிசைக்குத் தனி ஒழுங்கு வைக்கலாம். சத்தியைப் பற்றியும் எழுதுங்கோ.

#10 சீற்று நம்பர் 3

சத்தி எடுக்கிறவைக்குக் கோபிக்கக் கூடாது, அது அவையின்ர கையில இல்லை. ஏற முதல் கொத்து, பொரியல் வேண்டாம். ஒண்டரை மணித்தியாலத்துக்கு முதல் ரெண்டு இடியப்பம், இல்லாட்டி வெறும் பாண். வெறும் வயிறும் பிரட்டும், நிறைஞ்ச வயிறும் பிரட்டும். முன்பக்கச் சீற்று, போனைப் பாக்கிறதில்லை, கண் றோட்டில. இஞ்சி, தேசிக்காய் மணக்கிறது சிலருக்கு உதவும். குளிசை எண்டால் ஏற அரை மணித்தியாலத்துக்கு முதல் போடவேணும், பிரட்டத் தொடங்கினாப் பிறகு போட்டால் அதுவும் வெளியால வரும்.

பை ரெண்டு அடுக்கா இருக்கவேணும். தனிச் சொப்பின் பையில அனேகமா ஓட்டை இருக்கும்.

நிலத்தில பட்டால்: முதல் மணல் அல்லது மரத்தூள் போட்டு இறுக விடவும். தகரத்தால அள்ளிப் பையில கட்டவும். பிறகு சவர்க்காரத் தண்ணி. கடைசியாத்தான் குளோரின்.

#11 தாதியின் மேசை

குளோரின் அளவைத் திருத்தமாகச் சொல்லவேண்டும், கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. 5 வீதம் உள்ள திரவம் என்றால் 1 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் என்றால், 30 வீதத் தூளில் லீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்றுக் கூட. இரண்டிலும் 1,000 பிபிஎம் அளவு வரும். பத்து நிமிடம் ஈரமாக இருக்க விட்டுப் பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். கையுறை, மாஸ்க் போட்டு, கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும்.

கையில் பூசும் ஸ்பிரிற் ஜெல் வயிற்றோட்டக் கிருமிகள் சிலவற்றுக்கு வேலை செய்யாது. எண்ணெய்க் கையில் எதற்குமே சரியாக வேலை செய்யாது. பஸ் கம்பியைப் பிடித்த கையால் பார்சல் பிசைய முதல் சவர்க்காரமும் தண்ணீரும், 20 வினாடி. இல்லையென்றால் கரண்டி.

#12 கொக்குவில் படிப்பகம்

ஒரு கேள்வி. 2024 டிசெம்பரில யாழ்ப்பாணத்தில காய்ச்சல் பரவேக்க பஸ்ஸில மாஸ்க் போட்டு வந்தினமே, அது உதவியிருக்குமா?

#13 தாதியின் மேசை

அது எலிக்காய்ச்சல் என்று பிறகு உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளம், சேறு காலில் உள்ள காயத்தில், அல்லது கண், வாயில் படுவதால்தான் பெரும்பாலும் வரும். பக்கத்துச் சீற்று மூச்சால் வராது. அதற்கு மாஸ்க் அல்ல, வயலில் இறங்க முதல் வைத்தியர் தரும் தடுப்புக் குளிசையும் காலுக்குப் பூட்சும்தான் காப்பு.

மாஸ்க் உதவுவது சளிக்காய்ச்சல், கொரோனா, காசநோய் போன்றவற்றுக்கு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருப்பவர் பஸ் ஏறும் முன் சளியைப் பரிசோதிக்க வேண்டும், அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம்.

போடுவதென்றால் ஒழுங்காகப் போடுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்த வேண்டும். சாதாரண நீல மாஸ்க்கில் கன்னப் பக்கம் இடைவெளி இருக்கும். காது வாரை மாஸ்க் ஓரத்தோடு ஒட்டி முடிச்சுப் போட்டு, வெளியே தள்ளும் மடிப்பை உள்ளே செருகினால் அது அடைபடும். இருமுகிறவர் போட்டால் பஸ் முழுக்கப் பயன். அவர் மறுத்தால், பயப்படுகிறவர் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க் போட்டால் தன்னைக் காக்கலாம். ஆகவே மறுத்த ஆளோடு வவுனியா வரை வாதாடுவதில் ஒரு லாபமும் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாஸ்க் வேண்டவே வேண்டாம், மூச்சு முட்டும்.

சாப்பிடும்போது நாடிக்குக் கீழே இழுத்துவிடாதீர்கள். காது வாரைப் பிடித்துக் கழற்றி, கடதாசி உறைக்குள். பக்கத்துச் சீற்றுக்காரர் சாப்பிட்டு முடித்துத் திரும்பப் போட்ட பிறகு மற்றவர். இருமிக்கொண்டு சாப்பிட வேண்டாம், அது இறங்கி நின்று செய்கிற வேலை.

#14 கொடிகாமம் சந்தை

750ஆம் நம்பர் பஸ்ஸில பருத்தித்துறை போறவைக்கு இந்த வாதம் பெரிசாப் பொருந்தாது. யன்னல் திறந்து கிடக்கும், ஒரு மணித்தியாலம். ஆனா மாரி மழைக்கு யன்னல் எல்லாம் மூடினால் அதுவும் ஏசி பஸ் மாதிரித்தான், கூட்டமும் கூட. யாழ்தேவி ரெயிலில சாப்பாட்டுப் பெட்டி இருக்கு, வடைக்காரர் ஏறி இறங்குவினம், கை கழுவத் தண்ணியும் இருக்கு. அங்க சாப்பாட்டுச் சண்டையே தேவையில்லை. குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவு வள்ளத்தில ஏற முதல் சாப்பிடாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது.

பஸ்ஸுக்குச் சாமான் தெரிஞ்சு கொண்டு போகவேணும். சோத்துப் பார்சலும் தேங்காய்ச் சம்பலும் சூட்டு நாளில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல தாங்காது. நாலு மணித்தியாலம் போனால் எறிய வேண்டியதுதான், மணம் மாறாட்டியும். சூடாக்கினாலும் சோத்தில வந்த நஞ்சு போகாது. பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, பயத்தம் பணியாரம், இதரை வாழைப்பழம். ஊத்துப்படாது, கெடாது, மணமும் இல்லை. வடை நொருங்கும், மடியில துணி விரியுங்கோ.

#15 மானிப்பாய் றோட்

சரி, நீரிழிவு விசயம் எனக்குப் படேல்லை. முழுத்தடை எண்டதை விடுறன். ஆனா கொத்து, மீன்பொரியல், கருவாடு மூண்டும் ஓடுற பஸ்ஸுக்குள்ள அவிழ்க்கக் கூடாது எண்டதில நிக்கிறன். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையளும் இருக்கினமே?

#16 தாதியின் மேசை

மணத்தால் அந்த ஒவ்வாமை வருவது மிக அரிது. சாப்பிட்டால்தான் பெரும்பாலும் வரும், கைப்பிடியில், சீற்றில் ஒட்டிய துகள் கையால் வாய்க்குப் போனாலும் வரலாம். ஈரத்துணியால் துடைத்தால் போகும், ஜெல் பூசினால் போகாது. அந்தப் பிள்ளையின் தாய் ஏறும்போதே சொன்னால் அந்த வரிசையில் கச்சான் வேண்டாம் என்று கேட்கலாம்.

#17 அரியாலைச் சந்தி

ரிக்கெற் கவுண்டரிலயும் பஸ்ஸுக்குள்ளயும் ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதிப் பாக்கிறன், திருத்துங்கோ:

"பொதி அவிழ்த்து உண்ணும் சாப்பாடு பஸ் நிற்கும் இடத்தில் மட்டும். அங்கு 25 நிமிடம் நிற்கும். உலர்ந்த தின்பண்டம் எப்போதும் உண்ணலாம், குப்பை கடதாசிப் பையில். முதல் இரண்டு வரிசையில் போத்தல் காலடியில் வைக்க வேண்டாம். தண்ணீர், மருந்து, குழந்தைச் சாப்பாடு, நீரிழிவு உள்ளவர் சாப்பாடு எப்போதும் எங்கும். இருமல் உள்ளவர்கள் மாஸ்க் அணியும்படி அன்போடு கேட்கிறோம், கொண்டக்டரிடம் இலவசமாக உண்டு."

#18 தாதியின் மேசை

"நீரிழிவு உள்ளவர்" என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால் அவர் தன் வருத்தத்தைப் பஸ் முழுக்கச் சொல்லித்தான் ஒரு பிஸ்கற் தின்ன வேண்டி வரும். "உடல்நிலை காரணமாக உண்பவர்கள், காரணம் கேட்கப்படாது" என்று மாற்றுங்கள்.

#19 கச்சேரியடி

சிங்களத்திலும் எழுத வேண்டும். பஸ் புத்தளம், அநுராதபுரம் பக்கம் போகிறது, இடையில் ஏறுகிறவர்களும் வாசிக்க வேண்டும்.

#20 சீற்று நம்பர் 3

ஒட்டுறதை றைவர் பக்கத்தில ஒட்டாதேங்கோ, பின்சீற்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு சீற்றின்ர முதுகிலயும் சின்னதா. அதுவும் யாழ்ப்பாணம் விட்டதும் லைற் நிப்பாட்டினால் ஒண்டும் வாசிக்க ஏலாது. நாவற்குழிப் பாலம் வர முதல், ரிக்கெற் பாத்துக்கொண்டு போகேக்க கொண்டக்டர் ஒருக்கா வாயால சொல்லட்டும். கடதாசிப் பையையும் அப்பவே குடுத்தால் முறிகண்டியில தேடத் தேவையில்லை.